ஸ்கூபல் போய்விடுவாரா? ஜெர்சி வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். மிச்சிகனில் ட்ராய் நகரத்தில் இருக்கிறோம். என் மகனுக்கு 11 வயது. டெட்ராய்ட் டைகர்ஸ் பேஸ்பால் அணியின் பிட்சர் (பந்து வீசுபவர்) டாரிக் ஸ்கூபல் என்றால் அவனுக்கு உயிர். போன அக்டோபரில் சியாட்டிலோடு நடந்த கடைசி ஆட்டம் 15 இன்னிங்ஸ் போனதே, அதை நடுராத்திரி தாண்டியும் கண்விழித்துப் பார்த்துவிட்டு அழுதான். இப்போது தினமும் 'ஸ்கூபலை வேறு அணிக்குக் கொடுக்கப் போகிறார்கள்' என்று போனில் செய்தி வருகிறது. ஒரு நாள் டாட்ஜர்ஸ் என்கிறார்கள், மறுநாள் மெட்ஸ் என்கிறார்கள். ஏப்ரலில் அவன் பிறந்தநாள். 29ஆம் நம்பர் ஜெர்சி கேட்கிறான். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் 'ஸ்கூபல் பந்து வீசும் நாளுக்கு' நான்கு டிக்கெட் தருவதாகச் சொல்கிறார். முன்பணம் இந்த வாரமே வேண்டுமாம். கட்டலாமா? ஜெர்சி வாங்கலாமா? அவர் உண்மையிலேயே போய்விடுவாரா?

பதில்: சகோதரி, முதலில் டிக்கெட். அந்த முன்பணத்தைக் கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால் இன்றே திருப்பிக் கேளுங்கள்.

ஸ்கூபல் வேறு ஊருக்குப் போவாரா இல்லையா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இப்போது 2026 ஜனவரி. ஏப்ரலில் ஒரு குறிப்பிட்ட தேதியில் யார் பந்து வீசுவார் என்று டைகர்ஸ் மேலாளர் ஏ.ஜே. ஹிஞ்சாலேயே இன்றைக்குச் சொல்ல முடியாது. ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்கள் ஓர் அணியில் ஐந்து பேர் இருப்பார்கள். ஒருவர் வீசிவிட்டால் அடுத்த முறை அவருக்கு வருவது ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோதான். ஏப்ரல் மாதத்து டெட்ராய்ட் குளிர் உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு நாள் மழையால் ஆட்டம் தள்ளிப்போனால் வரிசை முழுவதும் ஒரு நாள் நகரும். தோள் லேசாக வலிக்கிறது என்று அவர் ஒரு வார்த்தை சொன்னாலும் நகரும். யார் வீசக்கூடும் என்ற பட்டியலை ஆட்டத்துக்குச் சில நாள் முன்னால்தான் அணியே வெளியிடும், அதிலும் 'கூடும்' என்றுதான் போடுவார்கள். இப்படி இருக்கும்போது ஜனவரியிலேயே 'ஸ்கூபல் நாள்' என்று ஒருவர் விற்கிறார் என்றால், தன் கையில் இல்லாத பொருளை விற்கிறார். பெரும்பாலும் அந்த டிக்கெட்டே இன்னும் அவரிடம் இருக்காது. உங்கள் பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு எங்காவது மலிவாகக் கிடைத்தால் வாங்கிக் கொடுப்பார். கிடைக்காவிட்டால் கடைசி நேரத்தில் கையை விரிப்பார். நம் ஊர்க்காரர், கோயிலில் பார்த்த முகம் என்ற நம்பிக்கையில்தான் நம் மக்கள் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள்.

எனக்கே இது நடந்திருக்கிறது. டொரோண்டோவில் எங்கள் காலத்துப் பெரிய பிட்சர் ராய் ஹாலடே. 2009 டிசம்பரில் அவரை பிலடெல்பியாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். 2010 ஜூன் கடைசியில் பிலடெல்பியா அணி டொரோண்டோவுக்கு வருவதாக அட்டவணையில் இருந்தது. ஹாலடே எதிரணிக்காரராக எங்கள் மைதானத்துக்கு வரப்போகிறார் என்று ஊரே காத்திருந்தது. நான் ஓர் இடைத்தரகரிடம் இரண்டு மடங்கு விலை கொடுத்து மூன்று டிக்கெட் வாங்கினேன். அப்புறம் அதே வாரம் டொரோண்டோவில் ஜி20 மாநாடு என்றார்கள். நகரத்தின் நடுப்பகுதி முழுக்கப் பாதுகாப்பு வளையம். மூன்று ஆட்டங்களையும் பிலடெல்பியாவுக்கே மாற்றிவிட்டார்கள். டிக்கெட்டின் அசல் விலை, முதலில் வாங்கியவரின் கணக்குக்குத் திரும்பிப் போனது. அதாவது தரகருக்கு. நான் கொடுத்த இரண்டு மடங்கில் ஒரு டாலர்கூட எனக்கு வரவில்லை. அவர் போனையும் எடுக்கவில்லை. ஹாலடே டொரோண்டோவில் பந்து வீசும் மேட்டில் ஏறியது அதற்கு அடுத்த ஆண்டு, 2011 ஜூலை 2ஆம் தேதி. அந்த ஆட்டத்துக்கு நான் மைதானத்தின் சொந்த விற்பனையிலேயே அச்சடித்த விலைக்கு வாங்கிக்கொண்டு போனேன்.

சரி, இப்போது உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன். போய்விடுவாரா?

இந்தக் குளிர்காலத்தில் போகமாட்டார், சீசன் தொடங்கும்போது டெட்ராய்ட்டில்தான் இருப்பார் என்பது என் கணிப்பு. கணிப்புதான், வாக்குறுதி இல்லை. அப்படியானால் இத்தனை புகை எதற்கு என்று கேட்பீர்கள். நெருப்பு ஒன்று இருக்கிறது, அது ஒப்பந்தக் கணக்கில் இருக்கிறது.

மேஜர் லீக் என்ற இந்தப் பெரிய பேஸ்பால் லீகில் ஒரு வீரர் ஆறு ஆண்டு சேவை முடித்தால்தான் தனக்குப் பிடித்த அணியோடு பேச முடியும். அதுவரை அவரை வைத்திருக்கும் அணிக்குத்தான் உரிமை. ஸ்கூபல் 2020 ஆகஸ்டில் முதல் ஆட்டம் ஆடினார். 2026 சீசன் முடிந்ததும் சுதந்திரம். அதாவது டைகர்ஸ் கையில் அவர் இருப்பது இன்னும் ஒரே ஒரு சீசன். 2024இல் 18 வெற்றி, 228 ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடிக்க விடாமலே மட்டையாளரை வெளியேற்றுவது). 2025இல் 241 ஸ்ட்ரைக் அவுட். இரண்டு ஆண்டும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. இப்படிப்பட்ட ஒருவர் அடுத்த நவம்பரில் சும்மா நடந்து போய்விட்டால் அணிக்கு மிஞ்சுவது புதிய இளம் வீரர்களை அணிகள் எடுக்கும் தேர்வில் ஒரு கூடுதல் வாய்ப்பு மட்டும்தான். டெட்ராய்ட் இதை ஒருமுறை அனுபவித்திருக்கிறது. 2014 வசந்தத்தில் மாக்ஸ் ஷெர்சருக்கு 144 மில்லியன் டாலர் தருவதாகச் சொன்னார்கள், அவர் வேண்டாம் என்றார். சீசன் முடிந்ததும் வாஷிங்டன் 210 மில்லியனுக்குக் கூட்டிக்கொண்டு போனது. அந்த வடு இன்னும் இருக்கிறது. ஆகவே 'போகிறவரை இப்போதே கொடுத்துவிட்டு நான்கு இளம் வீரர்களையாவது வாங்கிக்கொள்ளலாமே' என்று கணக்குப் போடுகிறவர்கள் இருப்பார்கள். வதந்தி பிறப்பது அந்தக் கணக்கிலிருந்துதான்.

ஆனால் மறுபக்கமும் பாருங்கள். டைகர்ஸ் இரண்டு ஆண்டாகத் தொடர்ந்து பிளே ஆஃப் போகிறது. நீங்கள் சொன்ன சியாட்டில் ஆட்டத்தில் ஸ்கூபல் ஆறு இன்னிங்ஸில் 13 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். அப்படியும் 3-2 என்று தோற்றார்கள். அவ்வளவு பக்கத்தில் போய் வந்த அணி, ஊரின் முதல் பிட்சரைக் குளிர்காலத்தில் கொடுத்துவிட்டு ஏப்ரலில் ரசிகர்களை எப்படி முகம் பார்க்கும்? அதோடு, ஒரே ஒரு ஆண்டு மிச்சமிருக்கும் வீரருக்கு வாங்குகிறவன் பெரிய விலை தரமாட்டான். கொடுப்பவனுக்கு விலை போதாது, வாங்குபவனுக்கு அதிகம். பெரும்பாலான டிரேட் பேச்சு அங்கேயே நின்றுபோகிறது.

என்னைக் கோபப்படுத்துவது வேறு. இந்த மாதம் சம்பளத் தகராறில் இரண்டு தரப்பும் ஆளுக்கொரு தொகை தாக்கல் செய்தார்கள். ஸ்கூபல் கேட்டது 32 மில்லியன். டைகர்ஸ் எழுதியது 19 மில்லியன். மூன்று நடுவர்கள் உட்கார்ந்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள், நடுவில் ஒரு தொகை சொல்ல அவர்களுக்கு அதிகாரம் இல்லை. இதே டைகர்ஸ் 2015இல் இதே படியில், சுதந்திரத்துக்கு ஒரே ஒரு சீசன் பாக்கி என்று நின்ற பிட்சர் டேவிட் பிரைஸுக்கு 19.75 மில்லியன் கொடுத்தது. பதினோரு ஆண்டு கழித்து, இரண்டு முறை அடுத்தடுத்து சை யங் வாங்கியவருக்கு அதைவிடக் குறைவாக எழுதுகிறார்கள். அதுமட்டுமா, விசாரணையில் அணியின் வழக்கறிஞர்கள் தங்கள் சொந்த பிட்சர் ஏன் அவ்வளவு பெறுமானம் இல்லாதவர் என்று அவர் முகத்துக்கு முன்னாலேயே வாதாடலாம். பிறகு ஏப்ரலில் அதே ஆளிடம் பந்தைக் கொடுத்து எங்களுக்காக வீசு என்பார்கள். பல ஆண்டாகப் பார்க்கிறேன், இந்த முறையை யாரும் திருத்தமாட்டேன் என்கிறார்கள். இப்படி ஒரு இடைவெளி தெரிந்த உடனே 'பாருங்கள், உறவு கெட்டுவிட்டது, கிளம்பிவிட்டார்' என்று நூறு பேர் எழுதுகிறார்கள். உறவு கெட்டதா என்பது அவர்களுக்குத் தெரியாது. இரண்டு எண்கள்தான் தெரியும்.

'அவர் மாட்டேன் என்று சொல்ல முடியாதா?' என்று உங்கள் மகன் கேட்பான். எந்தக் குழந்தையும் கேட்கும் கேள்வி அது. முடியாது. ஐபிஎல்லில் சஞ்சு சென்னைக்கு வந்ததும் ஜடேஜா ராஜஸ்தான் போனதும் வீரர்களின் சம்மதத்தோடு. இங்கே சம்மதம் கேட்கும் வழக்கமே இல்லை. இரவு போன் வரும், காலையில் பெட்டியைக் கட்ட வேண்டும்.

விதியிலேயே ஒரு விலக்கு உண்டு. அதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் வதந்திக்காரர்கள் இதைத்தான் தப்புத் தப்பாக எழுதுகிறார்கள். 'பத்தும் ஐந்தும்' என்பார்கள். ஒரு வீரர் பெரிய லீகில் மொத்தம் பத்து ஆண்டு சேவை முடித்திருக்க வேண்டும். அதில் கடைசி ஐந்து ஆண்டு தொடர்ச்சியாக ஒரே அணியில் இருந்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் 'எனக்குச் சம்மதமில்லை' என்று டிரேடை நிறுத்த முடியும். பத்து இருந்து ஐந்து இல்லை என்றால் பயனில்லை. ஐந்து இருந்து பத்து இல்லை என்றாலும் பயனில்லை. நடுவில் வேறு அணிக்குப் போய்த் திரும்பி வந்தால் அந்த ஐந்து மறுபடி முதலிலிருந்து எண்ணப்படும். ஆண்டு என்பதும் நாட்காட்டி ஆண்டு இல்லை, 172 நாள் அணியில் இருந்தால் ஓர் ஆண்டு. 1969இல் தன்னைக் கேட்காமல் பிலடெல்பியாவுக்குக் கொடுத்ததை எதிர்த்து கர்ட் ஃபிளட் என்ற வீரர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1972இல் தோற்றார், ஆட்ட வாழ்க்கையே போனது. அவர் பட்ட பாட்டுக்குப் பிறகு வந்ததுதான் இந்த விதி. 1973இல் முதன்முதலாக அதைப் பயன்படுத்தி மறுத்தவர் சிகாகோவின் ரான் சாண்டோ.

உங்கள் ஊரிலேயே இதற்கு நல்ல உதாரணம் ஜஸ்டின் வெர்லாண்டர். 2005 முதல் டைகர்ஸ். 2017 ஆகஸ்ட் 31 இரவு ஹூஸ்டனோடு பேச்சு முடிந்துவிட்டது, ஆனால் அவரிடம் பத்தும் ஐந்தும் இருந்தது. நள்ளிரவுதான் கெடு. அவர் சரி என்று சொல்லும்வரை இரண்டு அணி நிர்வாகமும் காத்திருந்தன. கடைசி நிமிடங்களில்தான் சரி சொன்னார். இரண்டே இரண்டு வினாடி மிச்சமிருக்கும்போது பதிவானதாகச் சொல்வார்கள். அந்த ஆண்டே ஹூஸ்டனோடு லீகின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் கோப்பையை வாங்கினார். ஸ்கூபலுக்கு ஒரே அணியில் ஐந்து ஆண்டு இருக்கிறது, பத்து ஆண்டுக்கு இன்னும் பாதி தூரம் பாக்கி. 'ஸ்கூபல் மறுத்துவிட்டார்' என்று எங்காவது படித்தால் அந்த இடத்தை மூடிவிடுங்கள். மறுக்கும் உரிமை இல்லாதவர் மறுக்க முடியாது.

எதை நம்புவது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன், ஆனால் இதில்தான் பணமும் நிம்மதியும் போகிறது. செய்தியில் வரும் வினைச்சொல்லைப் பாருங்கள். ஓர் அணி 'விசாரித்தது' என்றால் ஒன்றுமில்லை. ஜாதகம் கேட்டவர்கள் எல்லாரும் சம்பந்தி ஆகிவிடுவதில்லை. 'காது கொடுத்துக் கேட்கிறார்கள்' என்றால் அதுவும் ஒன்றுமில்லை, யார் பேசினாலும் கேட்பதுதான் அவர்கள் வேலை. 'உடன்பாடு ஆகிவிட்டது, உடல் பரிசோதனை பாக்கி' என்று வந்தால் மட்டும் உட்கார்ந்து படியுங்கள். அதையும் இஎஸ்பிஎன்னில் ஜெஃப் பாசன், தி அத்லெட்டிக்கில் கென் ரோசன்தால் போல ஆண்டுக்கணக்காக இதையே செய்கிறவர்கள் சொன்னால்தான். இணையத்தில் அவர்கள் கணக்கின் பெயரையும் எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஆங்கிலச் சிறிய எல் எழுத்தும் பெரிய ஐ எழுத்தும் போன் திரையில் ஒரே கோடாகத் தெரியும். அதை மாற்றிப் போட்டு, அதே புகைப்படத்தை வைத்து, காசு கொடுத்து நீல டிக்கும் வாங்கிவிடுகிறார்கள். அதைப் பார்த்துப் பெரியவர்களே ஏமாறுகிறார்கள், 11 வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? மாதம் பத்து டாலர் கட்டினால் 'உள்வட்டத் தகவல்' தருகிறேன் என்று டெலிகிராமில் அழைப்பு வந்தால் அதையும் தொடாதீர்கள். உண்மையான தகவல் உள்ளவர் அதைப் பத்து டாலருக்கு விற்கமாட்டார்.

நல்ல பெயர் உள்ளவர்களும் தவறுவார்கள். 2023 டிசம்பர் 8, வெள்ளிக்கிழமை. ஷோஹே ஒட்டானி எந்த அணியில் சேருவார் என்று உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் டொரோண்டோவுக்கு விமானத்தில் வந்துகொண்டிருக்கிறார் என்று லீகின் சொந்தத் தொலைக்காட்சியில் வேலை செய்யும் மூத்த நிருபரே எழுதினார். கலிபோர்னியாவிலிருந்து ஒரு தனி விமானம் கிளம்பியது. ஸ்கார்பரோவில் நான் தேநீர் குடிக்கும் கடையில், வடை போடுகிற தம்பிகூட கரண்டியை வைத்துவிட்டு போனில் அந்தச் சின்ன மஞ்சள் விமானம் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் புகைந்தது. விமானம் இறங்கியது. உள்ளே இருந்தவர் கனடாத் தொழிலதிபர் ராபர்ட் ஹெர்ஜாவெக், தன் குழந்தைகளோடு. மறுநாள் ஒட்டானி டாட்ஜர்ஸில் சேருவதாகத் தானே அறிவித்தார். அந்தத் தம்பி சாயங்காலமே ஒட்டானி பெயர் போட்ட நீலச் சட்டை ஒன்றுக்கு இணையத்தில் பணம் கட்டியிருந்தார். சட்டையும் வரவில்லை, பணமும் வரவில்லை.

இன்னொரு பக்கம், வதந்தி எல்லாம் பொய் என்றும் நினைக்காதீர்கள். டிலன் சீஸ் என்ற சிகாகோ வொயிட் சாக்ஸ் பிட்சரைப் பற்றி 2023 நவம்பரிலிருந்து பேசினார்கள். டிசம்பர் போனது, ஜனவரி போனது, ஒன்றும் நடக்கவில்லை. பயிற்சி முகாம் தொடங்கி, இனி போகமாட்டார் என்று எல்லாரும் மூச்சு விட்ட பிறகு, 2024 மார்ச் 13 அன்று சான் டியாகோவுக்குக் கொடுத்தார்கள். அவர் இடத்தில் எழுந்த காரெட் குரோஷேயை அதே 2024 டிசம்பரில் பாஸ்டனுக்குக் கொடுத்தார்கள். ஆகவே சீசன் தொடங்கும்வரை வாய்ப்பு இருக்கிறது. தொடங்கிய பிறகும், டைகர்ஸ் தடுமாறினால், ஜூலைக் கடைசி அல்லது ஆகஸ்ட் முதல் வாரத்தில் வரும் டிரேட் கெடுவுக்கு முன் இதே கூச்சல் மறுபடி கிளம்பும். உங்கள் மகனிடம் இதை மறைக்காதீர்கள். பிள்ளைகள் செய்தியைத் தாங்கிக்கொள்வார்கள், தினமும் மாறும் செய்தியைத்தான் தாங்கமாட்டார்கள். போன் அறிவிப்புகளை நிறுத்திவிட்டு, வாரத்துக்கு ஒருமுறை டைகர்ஸ் அணியின் சொந்தத் தளத்தில் வீரர் பட்டியலை அவனோடு சேர்ந்து பாருங்கள். 29க்கு நேரே பெயர் இருந்தால் இருக்கிறார்.

ஜெர்சி? வாங்குங்கள். காத்திருக்க வேண்டாம். மைதானக் கடையிலோ லீகின் சொந்தக் கடையிலோ வாங்குங்கள், விலை பாதி என்று ஆசை காட்டும் தெரியாத தளத்தில் வேண்டாம். வெள்ளைச் சட்டையின் இடது மார்பில் அந்தப் பழைய பாணி 'டி' எழுத்து தைக்கப்பட்டிருக்கும். போலியில் அந்த எழுத்தின் வளைவுகளில் நூல் பிரிந்து நிற்கும், ஓரம் சுருங்கியிருக்கும். மகனின் சொந்தப் பெயரைப் போட்டு வாங்கினால் பெரும்பாலும் திருப்பி எடுக்கமாட்டார்கள் என்பதை நினைவில் வையுங்கள். கையெழுத்துப் போட்ட பந்து என்று யாராவது கொண்டுவந்தால், லீகின் ஹோலோகிராம் ஒட்டுத்தாள் இருக்கிறதா, அதிலுள்ள எண் லீகின் தளத்தில் வருகிறதா என்று பார்க்காமல் வாங்காதீர்கள்.

அவர் போய்விட்டால் ஜெர்சி வீணா? என் மகளுக்கு 2008இல் ஹாலடேயின் 32ஆம் நம்பர் டி-ஷர்ட் வாங்கிக் கொடுத்தேன். அடுத்த ஆண்டு அவர் போனதும் அலமாரியின் அடியில் போட்டுவிட்டாள். 2017 நவம்பரில் ஹாலடே விமான விபத்தில் இறந்த செய்தி வந்தது. அடுத்த மார்ச்சில் டொரோண்டோ அந்த நம்பரை இனி யாருக்கும் தருவதில்லை என்று அறிவித்த ஆட்டத்துக்கு, தோள் பிடிக்கும் அந்தச் சட்டையை ஜாக்கெட்டுக்கு மேலே இழுத்து மாட்டிக்கொண்டுதான் வந்தாள். 2019இல் அவரை பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தபோது பட்டயத்தில் உள்ள தொப்பியில் எந்த அணியின் சின்னமும் போடவில்லை, அவர் குடும்பம் அப்படித்தான் கேட்டது.

இனி பிறந்தநாள் ஆட்டம். அந்த வாரத்துத் திங்கட்கிழமை டைகர்ஸ் தளத்தில் பிட்சர் பட்டியலைப் பாருங்கள். ஸ்கூபல் பெயர் எந்த நாளுக்கு வருகிறதோ அந்த நாளுக்கு அணியின் சொந்த விற்பனையிலேயே வாங்குங்கள். சீசனின் முதல் நாள் விழாவைத் தவிர ஏப்ரலில், அதுவும் வார நாட்களில், கொமெரிக்கா மைதானத்தில் இடம் கிடைப்பது அவ்வளவு கஷ்டமில்லை. பிறந்தநாளும் அதுவும் இரண்டு நாள் முன்பின் ஆனால் பரவாயில்லை, கேக்கைத் தள்ளி வையுங்கள். கையுறையும் கம்பளித் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். மலிவான இடமே போதும், ஆனால் ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். இடது பக்க வெளிமைதானச் சுவருக்குப் பின்னால்தான் பிட்சர்கள் தோள் சூடேற்றும் இடம். ஆட்டத்துக்கு அரை மணி முன்னால் ஸ்கூபல் அங்கே வீச ஆரம்பிப்பார். அந்தக் கம்பி ஓரமாக மகனை நிறுத்துங்கள். பந்து கையுறையில் விழும் சத்தம் அங்கே கேட்கும்.